பண்டிகை ரொட்டிக்குள் போன வெள்ளிக் காசு

கப்ரோவோ ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்று பல்கேரியா முழுக்கக் கேலி பேசுவார்கள். அந்த ஊர் ஸ்தாமென் அவர்களுக்கே ஒரு படி மேல். மற்றவர்கள் காசைச் செலவழிக்கத்தான் யோசிப்பார்கள், இவர் தொடவே விடமாட்டார். நெசவாலையில் தறி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்குப் பழைய நாணயம் சேர்க்கிற பித்து.

ஆரம்பத்தில் மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்ததில், செப்புக் காசுகள் பச்சை பூத்து நாசமாயின. இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து எல்லாம் அட்டைச் சட்டங்களுக்குள் போய்விட்டது. அட்டைகள் இரும்புப் பெட்டிக்குள், பெட்டி அலமாரியில் கம்பளிகளுக்குப் பின்னால். காசை வெளியே எடுத்தால் விளிம்பை மட்டுமே பிடிப்பார். அப்போது பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது. சாவி அவருடைய பழைய பூட்ஸுக்குள் கிடந்தது. அந்த இடம் மனைவி பென்காவுக்குத் தெரியாது என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்.

பெட்டியின் ராஜா, அரசர் தலை போட்ட ஒரு வெள்ளிக் காசு. அச்சடிக்கும்போது தலை சற்று நகர்ந்து விழுந்துவிட்ட பிழைக் காசு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளைக் கொடுத்து அதை வாங்கினார். காலம் அதன்மேல் நீலமும் கருப்புமாக ஒரு நிறம் ஏற்றியிருந்தது. விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த நிறத்தில்தான் மதிப்பு. தேய்த்தால் போச்சு.

அந்த வருஷம் வசந்தத்தில் பென்காவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்தார். ஆனாலும் படியேறினால் கை தானாக நெஞ்சுக்குப் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்தாமென் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிடுவார். பெட்டியைத் திறந்து காசுகளைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை வந்தது. அவரைக்கொட்டை, முட்டைக்கோஸ் சுருள், வால்நட், உலர்பழக் கஷாயம் எல்லாம் மேசையில். மகள் ரலித்சாவும் மருமகன் திராகோமிரும் வந்திருந்தார்கள். சாம்பிராணி காட்டி எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடியும்வரை யாரும் எழுந்திருக்கக்கூடாது. பண்டிகை ரொட்டிக்குள் ஒரு காசை வைத்துச் சுடுவார்கள், அது யார் துண்டில் வருகிறதோ அவருக்கு வரும் வருஷம் முழுக்க நோய்நொடி அண்டாது என்று நம்பிக்கை.

"இந்த வருஷம் ரொட்டிக்குள்ள வைக்கக் காசு எங்கம்மா கெடச்சுது?" என்றாள் ரலித்சா.

"போன வருஷம் சில்லறைக் காசு வச்சோம், பாரு நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். இந்தத் தடவை அசல் வெள்ளியா இருக்கட்டும்னு உங்கப்பா பெட்டியிலேர்ந்து ஒண்ணு எடுத்தேன். கறுகறுன்னு கெடந்துது. சோடா போட்டுத் தேச்சேன், தட்டு மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு."

ஸ்தாமென் கரண்டியைக் கீழே வைத்தார். "கறுப்பா? எந்தக் காசு?"

"அதான், தலை கோணலா இருந்துதே. கோணல் காசுதானே, அதுல என்ன பெருசா இருக்குன்னுதான் எடுத்தேன்."

அவர் பாதி எழுந்தார்.

"உக்காரு. இன்னிக்கு எந்திரிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

உட்கார்ந்தார். நிறம் போனது போனதுதான். ஆனால் காசு கிடைத்தவர் அதை வருஷம் முழுக்கப் பர்ஸில் வைத்திருக்க வேண்டும். திராகோமிருக்குப் போனால், அவன் பாக்கெட்டில் எந்நேரமும் ஸ்க்ரூவும் சாவியும் குலுங்கும். தனக்கே வந்துவிட்டால் மிச்சமாவது பிழைக்கும்.

வீட்டில் மூத்தவர் என்பதால் ரொட்டியைப் பிட்டுத் தருவது அவர்தான். மாதாவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று எடுத்து வைத்தார். அந்த வீட்டு வழக்கப்படி பிட்கிறவருக்குக் கடைசித் துண்டு. பென்காவின் துண்டைப் பிட்கும்போது கட்டைவிரலில் உலோகம் தட்டியது.

காசுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கமாகக் கிழித்தால் போதும். காசு ரொட்டியிலேயே தங்கிவிடும், பிறகு மெல்லத் தன் பங்கோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒருவரும் பார்க்கவில்லை. நிமிர்ந்தார். பென்கா தன் துண்டுக்காகக் காத்திருந்தார், ஒரு கை நெஞ்சில் இருந்தது.

ஸ்தாமென் காசையும் சேர்த்து அந்தப் பக்கமாகவே கிழித்தார். பெரிய துண்டு.

"எனக்கு வந்துடுச்சு," என்றார் பென்கா, சிறுபிள்ளை போல. பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார். "இந்தா, நீயே வச்சுப் பூட்டிக்கோ. எனக்கு இது புரியாது."

"வேணாம். உன் பையிலயே இருக்கட்டும். நல்லாத்தான் தேச்சிருக்க."

காசு பென்காவின் பர்ஸுக்குள் பஸ் டிக்கெட்டுகளோடு போய்ச் சேர்ந்தது. நாணயச் சங்கத்து நண்பர்கள் விஷயம் கேட்டு, இனி அதற்கு வெறும் வெள்ளி விலைதான் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். ஸ்தாமென் அதைக் கேட்டுச் சிரிக்கத்தான் செய்தார்.

ஆனால் பென்கா ரொட்டி வாங்கப் புறப்பட்டாலும் சரி, குப்பை கொட்டப் புறப்பட்டாலும் சரி, உள்ளேயிருந்து குரல் வரும்: "காசு பையில இருக்கா?"

"இருக்கு, இருக்கு," என்பார் பென்கா. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பார்: "அந்த ஒரு காசு தொலஞ்சிடுமோன்னு இந்த மனுஷனுக்கு இன்னும் பயம் போகல."

அது ஸ்தாமென் காதிலும் விழும். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, பென்கா படியேறித் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை கதவருகிலேயே நிற்பார்.