இரண்டாவது வளைவில் நிற்கிறவர்

நித்தியானந்தனுக்கு இந்த உலகத்தில் பிடித்த விளையாட்டு ஒன்றே ஒன்றுதான். அந்த விளையாட்டில் அவருக்கு என்ன பிடிக்கும் என்பதைத்தான் இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

விளையாட்டின் பெயர் ஸ்பீட்வே. சிவந்த கல்தூள் போட்ட வட்டப் பாதையில் நாலு மோட்டார் சைக்கிள்கள் நாலு சுற்று ஓடும். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். பிரேக் கிடையாது. கியர் ஒன்றுதான். வண்டி குடிப்பது பெட்ரோல் அல்ல, மெத்தனோல். வளைவில் வண்டியைச் சரித்து, பின்சக்கரத்தை வழுக்கவிட்டு, கையை முறுக்கியபடியே போகவேண்டும். நடுவில் கைமுறுக்கைத் தளர்த்தி த்ரொட்டிலை மூடினால் வண்டி நிமிர்ந்து, ஓடுகிறவரைத் தூக்கி வேலியில் அடிக்கும், அல்லது பின்னால் வருகிறவன் ஏறிப் போவான்.

டென்மார்க்கில் பதினாலு வருடம் அகதியாக இருந்தபோது பிடித்த பித்து இது. பிறகு எல்லோரையும் போல லண்டனுக்கு வந்தார். குட்மேய்ஸில் கார் திருத்தும் கராஜ் ஒன்றில் இருபது வருடமாக வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடிப்போய் இரண்டாவது வளைவில் நிற்பார். பக்கத்தில் ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கும் சூசைதாசன் தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு நிற்பார். அந்தக் கூட்டத்தில் தமிழர் என்றால் இவர்கள் இரண்டு பேரும்தான். சூசைதாசனுக்கு எல்லாம் பிடிக்கும். அதனால்தான் நித்தியானந்தனுக்கு அவர் தேவைப்பட்டார். திட்டுகிறதைக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

திட்டுவதற்கோ குறைவில்லை. இன்ஜின் நிமிர்ந்து நின்ற காலத்தில்தான் மனிதர்கள் ஓடினார்களாம், இப்போது இன்ஜினையும் படுக்கப் போட்டாச்சு, ஓடுகிறவனும் படுத்துவிட்டானாம். புதுச் சைலன்சர் போட்ட பிறகு சத்தம் வாயில் பஞ்சு அடைத்தவன் அழுவது மாதிரி இருக்கிறதாம். ஓடுகிறவர்கள் செவ்வாய்க்கிழமை சுவீடன், வெள்ளிக்கிழமை போலந்து, ஞாயிற்றுக்கிழமை இங்கே என்று திரிகிறார்களாம், எந்த நிறச் சட்டை போட்டிருக்கிறோம் என்று குனிந்து பார்த்தால்தான் அவர்களுக்கே தெரியுமாம். பாதைக்குத் தண்ணீர் அடிக்கிறவனுக்குப் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாதாம். வேலியில் கட்டியிருக்கும் காற்று மெத்தையை மட்டும் அவர் திட்டியதில்லை.

திட்டுவதோடு நிற்கமாட்டார், எழுதியும் வைப்பார். ஸ்பீட்வே ரசிகர்கள் நிகழ்ச்சிப் புத்தகத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தாங்களே புள்ளி போடுவார்கள். நித்தியானந்தன் புள்ளிக்குப் பக்கத்தில் தன்னுடைய அடையாளம் ஒன்றும் போடுவார்: ‘மூ’. பயந்து த்ரொட்டிலை மூடினான் என்று அர்த்தம். அவரைப் பொறுத்தவரை கொலை செய்தவனுக்கு மன்னிப்பு உண்டு, மூடினவனுக்குக் கிடையாது.

இந்த வருடம் வசந்தகாலத்தில் அவர் பார்க்கப் போகும் கிளப்பின் அணியில் ஏழாம் நம்பர் இடம் தக்ஷிகாவுக்குக் கிடைத்தது. நோர்பரியில் இருக்கும் நித்தியானந்தனின் தங்கை பாலாம்பிகையின் மகள். இருபத்துநாலு வயது, மருந்துக்கடை வேலை. ஏழாம் நம்பர் என்றால் அணியின் கடைசி ஆள். ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு அதுதான் எல்லாம். எட்டு வருடம் மழையிலும் குளிரிலும் விழுந்து எழும்பி அந்த நம்பரை முதுகில் போட்டிருந்தாள்.

நித்தியானந்தன் நெகிழ்ந்து போனார். தாய்மாமன் அல்லவா? தோடு, சங்கிலி என்று எதையும் யோசிக்காமல், டென்மார்க்கில் வாங்கி இருபது வருடமாகத் துணியில் சுற்றி வைத்திருந்த பழைய காபரேட்டர் ஒன்றை எடுத்தார். தேய்ந்த பாகங்களைக் கராஜில் வைத்து மாற்றினார். பித்தளையை முகம் தெரியும்வரை மினுக்கினார். மாமன் கொடுப்பதைக் கடைப் பையில் கொண்டுபோவது அழகில்லை என்று மனைவி நகுலேஸ்வரி அதை வெள்ளித்தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தாள். நோர்பரி வீட்டில் சோறு கறியோடு அது பெரிய விழாவாகிவிட்டது. தட்டை வாங்கும்போது பாலாம்பிகை அழுதாள். தக்ஷிகா மாமாவின் காலில் விழுந்து எழும்பி, அடுத்த கிழமையே அதை இன்ஜினில் பூட்டினாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டம் தொடங்குமுன் நித்தியானந்தன் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போவார். பித்தளை மினுங்குகிறதா என்று பார்ப்பார். ஒரு தலையாட்டு. திரும்பி வந்து இரண்டாவது வளைவில் நிற்பார்.

முதலாவது போட்டியிலேயே மானம் போனது. இரண்டு சுற்றுகள் தக்ஷிகா நன்றாகத்தான் ஓடினாள். மூன்றாவது சுற்றில், சரியாக மாமாவின் மூக்குக்கு முன்னால், இன்ஜின் சத்தம் ஒரு மூச்சு நேரம் அடங்கி மறுபடி எழுந்தது. இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போனார்கள்.

“மூடிப்போட்டாள்!” என்று நித்தியானந்தன் கத்தினார். பேனை புத்தகத்தில் ‘மூ’ போட்டது.

அடுத்த போட்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஐந்தாவது போட்டியில் வண்டி நிமிர்ந்து அவளைக் காற்று மெத்தையில் எறிந்தது. தோள்மூட்டைப் பிடித்தபடி எழும்பி நடந்து போனாள்.

“அண்ணை, எனக்கெண்டால் இஞ்சினில ஏதோ பிழை மாதிரிக் கிடக்கு,” என்றார் சூசைதாசன். “பயமெண்டால் முதல் வளைவிலயே வரவேணுமே? இது ரெண்டு லாப் போனாப் பிறகுதானே வருது?”

“இஞ்சினோ? காபரேட்டர் நான் என்ர கையால செட் பண்ணினது. பிழை இஞ்சினில இல்லை, கையில. பயந்த கை!”

சூசைதாசன் பிளாஸ்க்கைத் திறந்தார். நித்தியானந்தனோடு பதினைந்து வருடம் நின்ற மனிதருக்கு எப்போது தேத்தண்ணி ஊற்றவேண்டும் என்று தெரியும்.

ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் கிளப் ரசிகர்களைக் கூப்பிட்டது. வருடம் ஒருமுறை நடக்கிற கூட்டம். யாரும் எழும்பி எதையும் கேட்கலாம். கிளப்பை நடத்தும் வெள்ளைக்காரர் மேசைக்குப் பின்னால் இருந்து ஏழாம் நம்பரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். சபை ஆளையாள் பார்த்தது. நித்தியானந்தன் எழும்பினார். கையில் ஏழு நிகழ்ச்சிப் புத்தகங்கள்.

“பத்தொன்பது தடவை த்ரொட்டிலை மூடியிருக்கிறாள். எந்தப் போட்டி, எந்தச் சுற்று என்று இதில் இருக்கிறது,” என்று இங்கிலீஷில் சொன்னார். “அவள் என் தங்கையின் மகள். அதற்காக மறைக்கமாட்டேன். பயந்தவர்களுக்கு இந்த விளையாட்டில் இடமில்லை.”

மண்டபம் கைதட்டியது. சொந்த இரத்தம் என்றும் பாராமல் உண்மை பேசிய மனிதர் என்று முன்வரிசையில் ஒரு கிழவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நித்தியானந்தனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. திரும்பிப் பார்த்தபோதுதான் கதவடியில் அணிச் சட்டையோடு தக்ஷிகா நிற்பது தெரிந்தது. அவள் திரும்பி வெளியே போனாள். செவ்வாய்க்கிழமை அவளுடைய இடம் இன்னொருவனுக்குப் போய்விட்டது. “அவளுடைய மாமாவே சொல்லிவிட்டார்,” என்று காரணமும் வந்தது.

நகுலேஸ்வரி சமைத்தாள், ஆனால் பரிமாறவில்லை. “போட்டுச் சாப்பிடுங்கோ. உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்,” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பாலாம்பிகை குட்மேய்ஸுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை. பையிலிருந்து அதே வெள்ளித்தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். தட்டில் காபரேட்டர் இருந்தது. பூ இல்லை.

“அண்ணை, உங்கட சாமான்.”

“இரு பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

“வேண்டாம்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அண்ணன் வீட்டில் தேத்தண்ணி வேண்டாமென்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

நித்தியானந்தனுக்குக் கோபம் மூக்கில் நின்றது. தன்னுடைய சாமானில் ஒரு பிழையும் இல்லை என்று ஊருக்கே காட்டவேண்டும் என்று அப்போதே கராஜுக்குக் கொண்டுபோய்க் கழற்றினார். உள்ளே எரிபொருளை அளந்து விடுகிற சின்ன ஊசி ஒன்று இருக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்தார். ஊசி முனையில் இருந்த ரப்பர் ஊறின கடலை மாதிரிப் பருத்திருந்தது.

அப்படியே ஸ்டூலில் இருந்துவிட்டார். பழைய ஊசியின் இரும்பு முனை தேய்ந்திருந்தது. கார்ச் சாமான் போடும் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, ரப்பர் முனை உள்ள ஊசி ஒன்றை எடுத்து, அளவுக்கு அராவிப் போட்டது இந்தக் கைதான். பெட்ரோல் காருக்கு அது சரி. மெத்தனோல் ரப்பரை ஊதவைக்கும். ஊதினால் வழி அடைபடும், இன்ஜினுக்கு மூச்சு முட்டும். மெத்தனோலுக்குக் கிட்ட ரப்பரைக் கொண்டுபோகக் கூடாது என்று சூசைதாசனுக்குப் பதினைந்து வருடமாகப் பாடம் எடுத்தவரும் இவர்தான். இருபது வருடம் பெட்ரோலிலேயே ஊறிய கை, யோசிக்காமல் லாச்சியைத் திறந்துவிட்டது.

ஞாயிறு காலை நோர்பரிக்குப் போனார். தக்ஷிகா வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை வான் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஊசியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“என்ர பிழை, பிள்ளை. உன்ர கை மூடேல்லை.”

அவள் ஊசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தெரியும் மாமா.”

“எப்ப தெரியும்?”

“மூண்டாவது போட்டியில. அந்தப் பழைய மொடலுக்கு ஊசி எங்கயும் விக்கினம் இல்லை, தேடினனான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முதல் கழட்டித் துடைச்சுப் போட்டன். ரெண்டு லாப் தாங்கும்.”

“கடவுளே! வேற காபரேட்டர் உன்னட்ட இருந்ததுதானே? பிறகேன் இதைக் கழட்டேல்லை?”

“நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வந்து பாத்தனீங்கள். மாமன் தட்டில வைச்சுத் தந்ததை மாத்தினால் அவர் இனி வீட்டு வாசல் மிதியார், சீசன் முடியட்டும் எண்டு அம்மா சொன்னா.”

நித்தியானந்தன் நீட்டிய கையை இறக்கினார். “அண்டைக்குக் கூட்டத்திலயாவது எழும்பிச் சொல்லியிருக்கலாமே?”

தக்ஷிகா வானின் கதவை அடித்துச் சாத்தினாள்.

“அத்தனை பேருக்கு முன்னாலயோ? உங்களையோ?”

அவ்வளவுதான். வானை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வடக்கே எங்கோ ஒரு கிளப்பில் சும்மா ஓடிக்காட்டப் போகிறாளாம், எடுப்பார்களோ தெரியாதாம் என்று கதவுக்குள் நின்றபடியே பாலாம்பிகை சொன்னாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

அன்றே அவர் கிளப்புக்கு ஓடினார். ஓட்டம் தொடங்குமுன் அந்த வெள்ளைக்காரரைப் பிடித்து, ஊசியைக் காட்டி, ரப்பரைக் காட்டி, லாச்சி முதல் லாப் வரை ஒன்றும் விடாமல் சொன்னார். பத்தொன்பதும் தன்னுடைய பிழை என்றார். அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாத மனிதர்.

வெள்ளைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நித்தியானந்தனின் தோளில் தட்டினார்.

“புரிகிறது. வீட்டில் சண்டை வந்திருக்கும். மாமா அல்லவா, அப்படித்தான் சொல்லவேண்டியிருக்கும்.”

இரண்டாவது வளைவில் சூசைதாசன் இடம் பிடித்து வைத்திருந்தார். புதிதாக வந்த ஏழாம் நம்பர்காரன் முதல் ஓட்டத்தின் முதல் வளைவிலேயே, இன்ஜின் நன்றாக உறுமிக்கொண்டிருக்கும்போதே, பயந்து மூடினான். சூசைதாசன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். நித்தியானந்தன் அன்று நிகழ்ச்சிப் புத்தகம் வாங்கியிருக்கவில்லை.