சித்தப்பாவுக்கு வேர்க்கவில்லை

சித்தப்பா குடியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சித்தி வந்த ராசி என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் காரைக்கால் பக்கத்தில் சாராயக்கடையைத் தாண்டாமல் வீடு திரும்ப வழியில்லை என்பதால் அது சின்னக் காரியமில்லை.

கத்திரி வெயிலில் விழிதியூர் வயலில் எள் அறுப்பு. கொண்டுபோன தண்ணீர் தீர்ந்தும் சித்தப்பா குனிந்த தலை நிமிரவில்லையாம். நடுப்பகலில் வேலியைப் பிடித்துப் பிடித்து அவர் வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். கால்கள் பின்னின. அண்ணன் எதிரில் உட்காரக்கூட மாட்டாதவர், அப்பாவைப் பார்த்து, "யார்ரா நீ?" என்றார்.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "பட்டப்பகல்ல ஊத்திக்கிட்டு வந்திருக்கான். உள்ள தள்ளிக் கதவைச் சாத்துங்க, தெளியட்டும்."

சித்தி அழவில்லை. அவரை அறைக்குள் படுக்க வைத்து, அக்கம்பக்கம் பார்க்காதபடி ஜன்னலையும் சாத்தினாள். பிறகு சமையற்கட்டில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

அம்மா என்னிடம் மோர் கொடுத்தனுப்பினாள். அந்த அறைக்குள் நுழைந்ததுமே என் கழுத்தெல்லாம் நனைந்துவிட்டது. சித்தப்பா கண் திறக்கவில்லை. கையைத் தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலச் சுட்டது. ஆனால் நெற்றியில் ஒரு பொட்டு ஈரமில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"சித்தப்பாவுக்கு மட்டும் வேர்க்கவே இல்லம்மா."

"குடிச்சவனுக்கு வெயிலாவது மழையாவது. போய் விளையாடு, போ."

பொழுது சாய்கிற நேரத்தில் கட்டில் தடதடவென்று ஆடிற்று. கதவைத் திறந்தபோது அவருக்குக் கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அப்பா சைக்கிளில் ஓடித் தலத்தெருவிலிருந்து ஒரு டாக்டரை அழைத்து வந்தார். அவர் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றச் சொன்னார், விசிறச் சொன்னார். எல்லோரும் விசிறினோம். கொஞ்ச நேரத்தில் டாக்டரே நாடியை விட்டுவிட்டு, போதும் என்று கையைக் காட்டினார்.

"இவர் குடிக்கலைங்க. வெயில் தாக்கியிருக்கு. வேர்த்தாத்தான் உடம்பு ஆறும். வேர்வை நின்னுபோனா சூடு எங்க போகும்? உள்ளயே ஏறிடும்."

அப்பா சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சித்தி மட்டும் கட்டிலருகே போனாள். குனிந்து, அவருடைய வாயருகே மூக்கை வைத்து, மூச்சை மெல்ல இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். எல்லோரும் பார்க்க அவருக்கு முத்தம் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.