பதிலாள் இல்லாத மடி

எங்கள் அலுவலகக் குளிர்பெட்டியில் ஒரு வெள்ளரிக்காய் ஊறுகாய்ப் பாட்டில் இருக்கிறது. அதன்மேல் ‘ஹெல்கா’ என்று தாள் ஒட்டியிருக்கும். ஹெல்கா வேலையை விட்டுப் போய் மூன்று வருடம். உள்ளே என்ன முளைத்திருக்கிறதோ தெரியாது, ஒருவரும் தொட மாட்டார்கள். அது ஹெல்காவுடையதாம். ஜெர்மனிக்கு வந்து எனக்கு முதலில் எரிச்சல் வந்தது குளிரால் இல்லை, இந்தப் பாட்டிலால்.

நான் ஒரு பேருந்துக் கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அதன் பக்கங்கள் யாராவது திறக்கும்போதுதான் சர்வரில் கம்பைல் ஆகும், அதாவது இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாறும். ஆள் வந்து இலை போட்டு உட்கார்ந்த பிறகு அடுப்பு பற்றவைக்கிற கடை மாதிரி. முதலில் வருபவன் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே கம்பைல் செய்யச் சொன்னார் என் மேலாளர் உல்ரிகே. ஓட்டினேன், நின்றுவிட்டது. ஒரு பக்கம் கெட்டிருந்தாலும் மொத்தமும் நிற்கும். எந்தப் பக்கம் என்றும் ஒழுங்காகச் சொல்லாது, வாயில் நுழையாத பெயரில் ஏதோ தற்காலிகக் கோப்பைக் காட்டும். பக்கங்களைப் பாதி பாதியாகப் பிரித்து ஓட்டி இரண்டு நாளில் பிடித்தேன். எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு பேருந்தின் கால அட்டவணை அது. “அழித்துவிடுகிறேன்” என்றேன். “முடியாது, அது ஹோர்ஸ்டின் பக்கம்” என்றார் உல்ரிகே. ஹோர்ஸ்ட் ஓய்வு பெற்றுவிட்டாராம். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதலாமாம். கடிதம்! தபால்தலை ஒட்டி!

திண்டுக்கல்லில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இதே வேலையைப் பார்த்தேன். அங்கே பக்கம் கெட்டால் முதலாளி தலையைக்கூடத் தூக்க மாட்டார். “தூக்கிரு அப்பு” என்பார். தூக்கிவிடுவோம். அப்படித் தூக்கியதில் ஒன்று கல்யாண மண்டபத்தின் முன்பதிவுப் பக்கம். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். அதற்கும் முதலாளி, “செத்த நேரம் பொறுங்க, ஒரு மாப்பிள்ளை மாடியில கட்டட்டும்” என்றார். ஆனாலும் வேலை நடந்தது.

எனக்கு அவசரம் இருந்தது. வியாழக்கிழமை விமானம். திண்டுக்கல் பக்கம் அகரத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், அக்காவுக்குத் தம்பி நான் ஒருவன்தான். போனில் அவள் விளாசினாள். “ஏலே, இந்தா வாரேன் அந்தா வாரேன்னு ரெண்டு தடவ தேதி மாத்தியாச்சு. இந்தத் தடவ நீ வரலைன்னா அவுக சித்தப்பன் மடியில வச்சுக் குத்திருவாக. அம்மா அப்பாவும் இல்ல. அப்புறம் எனக்குப் பொறந்த வீடே இல்லைன்னு ஆயிரும், பாத்துக்க.”

உல்ரிகேயிடம் சொன்னேன். இங்கே விடுப்புத் தாளில் பதிலாள் பெயர் எழுத வேண்டும். அவர் பேனாவோடு கேட்டார்.

“அந்தக் குடும்பத்தில் வேறு மடி இல்லையா?”

“இருக்கு. செல்லாது.”

“நாற்காலி?”

“நாற்காலி எப்படி மாமன் ஆகும்?”

சிரிக்கவில்லை அந்த அம்மாள். ‘மடிக்குப் பதிலாள்: இல்லை’ என்று எழுதினார். “அப்படியானால் நீ போயே ஆக வேண்டும். ஆனால் கம்பைலுக்கும் உன்னை விட்டால் பதிலாள் இல்லை. முடித்துவிட்டுப் போ.” ஹோர்ஸ்டுக்கு ஒரு நியாயம், என் மடிக்கு ஒரு நியாயம் என்று சண்டை போடவும் வழியில்லை, இரண்டுக்கும் ஒரே நியாயம்தான் வைத்திருந்தார். அதில் கோபம் கூடியதுதான் மிச்சம்.

கடிதத்துக்குக் காத்திருக்காமல் புதன்கிழமை ஹோர்ஸ்டின் ஊருக்கே போனேன். பேருந்து கிடையாது, அதைத்தானே நிறுத்திவிட்டார்கள். பதினைந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தேன். அவர் கதவைத் திறந்து, விஷயத்தைக் கேட்டு, “அழிப்பதா? நான் தினமும் அதைத் திறக்கிறேன். பிழை என்றே வருகிறது. என் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன்” என்றார்.

“அலுவலகத்தில் சொல்லக் கூடாதா?”

“ஓய்வு பெற்றவன் தொந்தரவு தரக் கூடாது.”

“அந்தப் பேருந்தே ஓடவில்லையே?”

“நேரங்கள் சரியாகத்தானே இருக்கின்றன?”

அவர் சமையலறையில் உட்கார்ந்து, என் மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எப்போதோ நீக்கிவிட்ட ஒரு நிரல் கோப்பை அந்தப் பக்கம் இன்னமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரே வரி. திருத்தி ஓட்டினேன், கம்பைல் கடைசிவரை போனது. ஹோர்ஸ்ட் தன் அட்டவணையைத் திறந்து, ஓடாத பேருந்தின் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் தலையாட்டினார்.

சனிக்கிழமை குலதெய்வக் கோயிலில் வேட்டியை இழுத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை என்னைப் பார்த்தது. ஊரே திரும்புகிற மாதிரி ஒரு அலறல். அது என்னை நேரில் பார்த்ததே இல்லை. ஆசாரி மடியில்கூட உட்கார்ந்தது, என் மடியில் மாட்டேன் என்றது. அக்கா, “ஏலே, அந்தக் கண்ணாடியக் கழட்டு” என்றாள். கழற்றினேன், இன்னும் கத்தியது. மச்சானின் சித்தப்பா வேட்டியை மடித்துக்கட்டித் தயாராக நின்றார். “ஜெர்மன்ல பேசிப் பாரு அப்பு, வந்தாலும் வரும்” என்றார்.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சான்தான் பத்தடி தள்ளிப் போய் நின்று எனக்கு வீடியோ அழைப்புப் போட்டார். நான் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தேன். மச்சான் கையிலிருந்த போனில் என் முகம் வந்ததும் குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, “மாமா!” என்றது. அந்த நொடியில் அக்கா அதைத் தூக்கி என் மடியில் வைத்தாள். ஆசாரி குத்தினார். வலியில் துடித்து, பத்தடி தூரத்துப் போனை நோக்கி இரண்டு கையையும் நீட்டி, “மாமா, தூக்கு” என்று கதறியது. இடது கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த போனுக்குள் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், “இந்தா வாரேன் தங்கம், இந்தா வாரேன்.”