அன்ரியின் போனும் என் கம்பனியின் பெயரும்

எங்கள் கம்பனி என்னை ஆறு கிழமைக்கு ஒரு பூர்வகுடி மக்கள் அமைப்புக்கு அனுப்பியிருக்கிறது. திறமையைப் பகிர வேண்டுமாம்.

இன்று முதல் நாள். அமைப்பை நடத்துபவர் ஓர் அன்ரி. சிட்னியில் எங்கள் தமிழர் வாழும் பென்டில் ஹில் போலவே இங்கும் வயதில் மூத்த பெண்கள் அன்ரிதான். அலுமாரியைத் திறந்தார். எனக்கு முன் வந்தவர்கள் எழுதிய அறிக்கைகள்.

"நீயும் ஒண்டு எழுதப்போறியோ?"

"இல்லை அன்ரி. இப்ப உங்களுக்கு அவசரமான வேலை என்ன?"

"ஒரு குடும்பத்தின்ர கூரை ஒழுகுது. மூண்டு மாசமா வீடமைப்பு அலுவலகத்துக்கு போன் அடிக்கிறன்."

அன்ரியின் போனை வாங்கி அந்த அலுவலகத்தோடு நான் பேசினேன். கம்பனியின் பெயரைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கூரை திருத்த ஆள் வருகிறார்.

அன்ரி சிரித்தார். "போகேக்க அந்தப் பேரை இஞ்ச விட்டிட்டுப் போ."

இதில் நான் பகிர்ந்த திறமை எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கம்பனிக்கு எழுத வேண்டும்.