கோமதி அக்காவின் வெறும் நெற்றி

நடந்ததை நடந்தபடி எழுதுவேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்.

கோமதி அக்கா நேற்றுக் காலை இறந்துவிட்டார். ஆம்பூரில், கொரியர் ஆபீஸ் வாசலில், கையில் பார்சல் பையோடு மயங்கி விழுந்தார். வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே... அவ்வளவுதான்.

இதே பேஜில் தினமும் சாயங்காலம் "வாங்க வாங்க, என் தங்கங்களா" என்று லைவ் ஆரம்பிப்பாரே, அந்த அக்கா.

நான் பக்கத்து வீட்டு யாழினி. ப்ளஸ் ஒன். எங்கள் வீட்டில் டிவி ஓயாது என்பதால், லைவ் நடக்கும்போது அக்கா வீட்டு மூலையில் உட்கார்ந்து படிப்பேன்.

ஒரு நாள் லைவில், பின்னால் என்ன சத்தம் என்று திமிரியிலிருந்து ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். "அதுவா? எங்க வூட்டு லைப்ரரி. பக்கம் திருப்புது. அதுக்கு நகை வேணாம், புக்கு போதும்" என்றார் அக்கா.

இன்று ஏன் நான் எழுதுகிறேன் என்றால், அக்காவின் தங்கை ரேவதி எழுதச் சொன்னார். அக்கா இறந்த செய்தி கேட்டு நேற்று முதல் இங்கே வருகிற கமெண்ட்களைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"பூவோடும் பொட்டோடும் போய்ட்டீங்க அக்கா." "புண்ணியவதி." "பாவம், மாமாவுக்கு யாரு ஆறுதல் சொல்றது?"

மாமா இல்லை. இறந்து பல வருடம் ஆகிறது. தோல் கம்பெனியில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கினவர், ஏறி வரவில்லை.

அதன் பிறகு அக்கா ஷூ கம்பெனியில் தைக்கிற வேலைக்குப் போனார். கண் கெட்டுப்போனதும் அதை விட்டுவிட்டு, கவரிங் நகைகளை லைவில் விற்க ஆரம்பித்தார்.

முதல் லைவிலேயே தாலிச் செயின் கேட்டார்கள். இருந்தது. ஆனால் தாலி இல்லாத கழுத்தில் போட்டுக் காட்டினால் யார் வாங்குவார்கள்?

அதனால் லைவுக்கு முன்னால் அக்கா கண்ணாடி முன் உட்காருவார். மஞ்சள் கயிறு. நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம். கண்ணாடி வளையல்.

லைவ் முடிந்ததும் முதலில் ஈரத்துணியால் நெற்றி. பிறகு கயிறு. வளையல் கடைசி. அந்த வரிசை மாறவே மாறாது.

ஒரே ஒரு நாள் மறந்துவிட்டார். குழாயில் தண்ணீர் விட்ட சத்தம் கேட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அப்படியே ஓடினார். குங்குமத்தோடு.

குழாயடியில் எல்லாரும் அக்காவின் நெற்றியையே பார்த்தார்கள்.

"இன்னா கோமதி, யாரு கட்னது? எங்களுக்கெல்லாம் சாப்பாடு கெடையாதா?" என்றார் ஒரு அம்மா.

"கவரிங்குதாங்க்கா. உனுக்கும் ஒண்ணு எடுத்து வெக்கட்டா? உன் வூட்டுக்காரு தங்கத்துல வாங்கித் தர்ற மாதிரி தெரில."

எல்லாரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும்தான். அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டு நெற்றியைத் துடைத்தார். தோல் சிவந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாமா எங்கே என்று லைவில் யாராவது கேட்டால் "கம்பெனிக்குப் போயிருக்காரு" என்பார். "அது பொய்தானே அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன். எனக்கு அப்படிக் கேட்காமல் இருக்க முடியாது.

அக்கா ஜிமிக்கிகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னா பொய்யி? கம்பெனிக்குத்தான் போனாரு. வர்ல. அவ்ளோதான்."

போன வாரம், லைவ் முடிந்து துணியை நனைக்கும்போது, தானாகவே பேசினார்.

"ஒரு நாளு வெறும் நெத்தியோட இந்த லைட்டு முன்னாடி உக்காரணும்டி யாழினி. டெய்லி வெச்சி அழிச்சி, வெச்சி அழிச்சி... பேஜாரா இருக்கு."

"சொல்லிடுங்க அக்கா."

"சொன்னா வாங்குவாங்களா?"

"வாங்குவாங்க."

"நீ புக்கு படிக்கிற புள்ள. உனுக்கு எல்லாரும் நல்லவங்க." சிரித்தார். "இந்த ஆவணி முகூர்த்தம் முடியட்டும். நானே சொல்லிடறேன்."

முகூர்த்தங்கள் இன்னும் முடியவில்லை.

லைவ் நடக்கும் அதே அறையில்தான் அக்காவைக் கிடத்தினார்கள். சுவர் முழுக்க ஆரமும் நெக்லஸும் தொங்கின. கீழே அக்கா... வெறும் கழுத்தோடு.

என் அம்மா ஒரு முழம் மல்லி வாங்கி வந்து அக்காவின் தலையில் வைக்கக் குனிந்தார்.

"எடும்மா அத்த. அவளுக்கு இன்னாத்துக்குப் பூவு?" என்றார் ஓர் உறவுக்கார அம்மா.

ரேவதி அக்கா அந்தப் பூவைக் கையை நீட்டி வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அக்காவை எடுத்துக்கொண்டு போகும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.

இன்று காலை "பூவோடும் பொட்டோடும்" என்ற கமெண்ட்டை அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். "எழுதிடு. அவ சொல்லணும்னுதான் இருந்தா."

மிச்சமிருக்கிற நகையெல்லாம் விற்காமல் போய்விடுமே என்றேன்.

"போவலன்னா போவட்டும்."

ஆகவே எழுதுகிறேன். பூ இல்லை. பொட்டும் இல்லை. உங்களில் நிறையப் பேர் போட்டிருக்கும் தாலிச் செயின் இந்த அக்கா கழுத்தில் பார்த்து வாங்கியதுதான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்றுக் காலை கொரியருக்குக் கிளம்பும் முன் புது நகைகளைப் படம் எடுக்க அக்கா ரிங் லைட்டைப் போட்டிருக்கிறார். அணைக்க மறந்துவிட்டார்.

வந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அழுகிற நேரம் முழுக்க அது எரிந்துகொண்டே இருந்தது. அந்த வெளிச்சம் நேராக அக்காவின் வெறும் நெற்றியில் விழுந்தது. அந்த நெற்றியை எல்லாரும் பார்த்தார்கள்.

போய்ட்டு வாங்க அக்கா. நீங்கள் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன்.

நேற்று அக்காவை எடுத்துக்கொண்டு போன பிறகு, ரேவதி அக்கா அறைக்குள் வந்து அந்த லைட்டை அணைத்தார்.