ஜன்னலில்லாத அறைக்கு வந்த வெளிச்சம்

அந்த ஊரில் அவசர உதவி எண்ணை அழைத்தால் பெரும்பாலும் கேட்பது அவள் குரல்தான். அடுப்படி தீப்பிடித்தவர்களும், குளியலறையில் வழுக்கி விழுந்தவர்களும் அவளிடம் அலறுவார்கள். அவள் அலறியதில்லை. "எங்க இருக்கீங்க? மூச்சு விட முடியுதா?" என்று இஸ்திரி போட்ட குரலில் கேட்பாள். கூட வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஐஸ்கட்டி.

வீட்டில் அந்த வேலைக்கு மதிப்பில்லை. மாமியார் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுவை சிகிச்சை நடுவில் கரண்ட் போனபோதும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றவர். "ரத்தத்தைக் கண்ணால பாக்காம காதால கேக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்பார். நாளெல்லாம் பேசிவிட்டு வீட்டிலும் பேச மருமகளுக்குத் தெம்பு இருக்காது.

அன்று இருட்டத் தொடங்கிய நேரம். சலூன் கடைக்காரர் ஒருவர் அழைத்தார்.

"மேடம், தண்ணி டேங்க் மேல ஏதோ நிக்குது."

"யாராவது ஏறிட்டாங்களா?"

"ஆள் இல்லீங்க. வெளிச்சம். பஸ் பெருசு இருக்கு. அந்தரத்துல நிக்குது, சத்தமே இல்ல."

குடித்திருக்கிறார் என்று நினைத்தாள். அடுத்து ஒரு லாரி டிரைவர் அதையே சொன்னார். அதற்கடுத்து ஒரு பல் டாக்டர். நோயாளியை வாய் திறந்தபடி நாற்காலியிலேயே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்திருந்தார். ஒருவரையொருவர் அறியாத இவர்கள் எப்படி ஒரே மாதிரி புளுக முடியும்?

அறையில் எல்லா போன்களும் அடிக்க ஆரம்பித்தன. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருக்கையை விட்டு எழவும் கூடாது. விமான நிலையத்தில் விசாரித்த சூப்பர்வைசர் வெளிறிய முகத்தோடு திரும்பினார். "அவங்களுக்கும் என்னன்னு தெரியலையாம்."

அடுத்த அழைப்பில் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

"எங்க இருக்கீங்க?"

"மொட்டை மாடில... துணி எடுக்க வந்தேன்... நீயா பேசுற?"

மாமியார்.

"அத்தை, உடனே கீழ இறங்குங்க."

"கால் வரலடி. நம்ம மாடிக்கு நேரா வந்து நிக்குது. போனை வச்சிடாத. வச்சிடாதம்மா."

அந்தக் குரல் கெஞ்சி அவள் கேட்டதேயில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மறுமுனை ஓய்ந்தது. மாமியார் மட்டுமல்ல, அறையில் எல்லா போன்களிலும் பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். இணைப்பு எதுவும் துண்டிக்கப்படவில்லை. ஊழியர்கள் "ஹலோ, ஹலோ" என்றபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அத்தை! அத்தை, பேசுங்க!" ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள். அறையே திரும்பிப் பார்த்தது.

"போயிடுச்சு" என்றார் மாமியார். அதே சொல் பக்கத்து இருக்கைக்காரியின் ஹெட்போனிலிருந்தும் கசிந்தது.

வேலை முடிந்து வெளியே வந்தபோது, சனங்கள் நடுத்தெருவில் அண்ணாந்தபடி நின்றிருந்தார்கள். மேலே நட்சத்திரங்களைத் தவிர ஒன்றுமில்லை. வீட்டில் கணவன் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி உட்கார வைத்திருந்தான். துணிகள் கொடியிலேயே கிடந்தன.

"வானிலை ஆராய்ச்சி பலூன்" என்று பிறகு அறிவித்தார்கள். மாமியார் டிவியை அணைத்தார். "தியேட்டர் லைட்டுக்குக் கீழயே வாழ்ந்தவ நான். எனக்கா வெளிச்சம் தெரியாது?"

ஊரில் பாதிப் பேர் பார்த்ததை மருமகள் மட்டும் பார்க்கவில்லை. விடுமுறை நாட்களில் இருட்டியதும் மாடிக்குப் போய் நிற்பாள். ஒருநாள் பின்னால் செருப்புச் சத்தம். மாமியார் வந்து அவள் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டார். கண்களை மூடியிருந்தார்.

"இருக்கா?"

"இல்ல அத்தை."

"நல்லாப் பாரு."