பையில் மிஞ்சிய பட்டை

மூன்றாவது முறையாகக் கை கழுவுகிறார் அண்ணி. விரலில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் இணைப்பு கெட்டுவிடுமாம். வீட்டில் தேநீர்க் கோப்பையை இரண்டு நாள் கழுவாமல் போட்டு வைப்பவர் இவர்தான் என்றால் சுரங்கத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் சொல்வதில்லை. அண்ணன் மனைவி, வேலையிலும் மூத்தவர். இரண்டு பக்கமும் இடி வாங்க எனக்குத் தெம்பில்லை.

இது துகள் முடுக்கியின் சுரங்கம். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இதில் வட்டமடிக்கும். அவற்றை வளைத்துத் திருப்புவதற்கு லாரி நீளக் காந்தங்கள் வரிசையாக நிற்கின்றன. திரவ ஹீலியத்தில் குளிர்வித்துவிட்டால் அவற்றின் கம்பிகளில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். ஒரு காந்தத்தின் கம்பியை அடுத்ததோடு சேர்ப்பவர் அண்ணி. சேர்ந்ததா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பவன் நான்.

ஒரு நாளைக்கு எட்டு இணைப்பு. காலையில் சூட்டில் உருகி ஒட்டும் சால்டர் பட்டைகள் எட்டை எண்ணி மேலங்கிப் பையில் போட்டுக்கொள்வார். இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு பட்டை, பிறகு சூடு, அழுத்தம். வேலையின்போது கம்பியிடம்தான் பேச்செல்லாம்: "அசையாம இரு கண்ணு, இதோ ஆச்சு." எங்களிடம் அந்தக் குழைவு கிடையாது. "மீட்டரப் பாரு, என் மூஞ்சில என்ன இருக்கு?"

போன மாதம், காந்தங்களைக் குளிரூட்ட இரண்டே நாள் இருந்தபோது, அண்ணி கடைசி நாள் வேலைக்குப் போட்ட மேலங்கியைத் துவைக்க உதறினார். ஒரு பட்டை கீழே விழுந்தது. அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

"எட்டுல ஒண்ணு பட்டை இல்லாம போயிருக்கு."

"மீட்டர்ல எட்டும் சரியா இருந்துச்சே அண்ணி. எண்ணுறப்ப ஒண்ணு கூடுதலா எடுத்திருப்பீங்க."

"இப்ப கம்பியச் சுத்தியிருக்குற செம்பு தாங்கிக்கும், உன் மீட்டரும் தலையாட்டும். குளிர்ல முழு கரண்ட்டும் பாயுறப்ப அந்த எடம் சூடாகும். ஹீலியம் பொங்கி காந்தத்தையே பேத்துடும்."

மேலாளரிடம் இவரே போய்ச் சொன்னார். மனிதர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். மூடி ஒட்டிய உறைகளை வெட்டித் திறந்து, எட்டையும் பிரித்துச் சேர்க்கப் பத்து நாள் ஆகும். "பிரிச்சுப் பார்த்து ஒண்ணும் இல்லேன்னா, இனிமே நீங்க கம்பியத் தொட வேண்டாம்."

"இருபது வருஷமா வேற வேலை எனக்குத் தெரியாது சார்," என்றார் அண்ணி. "இருந்தாலும் பிரிச்சுடலாம்."

ஆறு இணைப்புகளைப் பிரித்தோம். ஆறும் கல்லு மாதிரி இருந்தன. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணி வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஏழாவதில் கம்பிகள் இரண்டும் தொட்டதுமே தனித்தனியாகக் கழன்று வந்தன. நடுவே ஒன்றுமே இல்லை.

அண்ணி போய் மூன்று முறை கை கழுவி வந்தார். புதிய பட்டை ஒன்றை வைத்து, சூடேற்றி, அழுத்தினார். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

"இரு," என்றார். மேலங்கிப் பையை வெளியே இழுத்து, உள்பக்கம் தெரியத் திருப்பி, முதலில் அந்தக் காலிப் பையை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.